பேக் போட்டால் டோன் வந்துவிடாது

கீபோர்டு வாசிக்கிற இரண்டு பேர் மேடைக்குப் பின்னால் சந்தித்துக்கொண்டால், பேச்சு சீக்கிரமே ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். "உங்க போர்டுல எத்தனை ஜிபிண்ணே?" "புது இந்தியன் பேக் வந்திருக்கே, போட்டாச்சா?" "என் போர்டுல ஸ்டிரிங்ஸ் எடுபடல, மாத்திடலாம்னு இருக்கேன்." கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார். யூடியூபில் போர்டுகளை ஒப்பிட்டு வாசித்துக் காட்டுகிறவரும் இதைத்தான் சொல்கிறார். கீபோர்டின் ஒலி என்பது அதற்குள் அடைத்து வைத்திருக்கும் சாம்பிள். சாம்பிள் பெருகினால் ஒலி மேம்படும். போதவில்லை என்றால் பேக் போடு. அப்படியும் சரிவரவில்லை என்றால் பெரிய மெமரி உள்ள போர்டுக்கு மாறு. ஏறத்தாழ எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து இது.

இதை நான் முழுதாக மறுக்கிறேன். ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டில் நம் காதுக்கு வந்து சேரும் ஒலியைத் தீர்மானிப்பது சாம்பிள் அல்ல. வாசிக்கிற விரலுக்கு அந்தச் சாம்பிள் எப்படிக் கட்டுப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் புரோகிராம்தான் அதைத் தீர்மானிக்கிறது. புரோகிராமைத் திறந்தே பார்க்காதவர் எத்தனை பேக் வாங்கிப் போட்டாலும் நின்ற இடத்தில்தான் நிற்பார். கல்யாணக் கச்சேரியிலும் கோயில் திருவிழாவிலும் ஞாயிறு ஆராதனையிலும் வாசித்து, மாதத் தவணை கட்டிப் போர்டு எடுக்கிறவர்கள்தான் இந்தத் தவறான கருத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எது எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். பியானோவின் ஒரு கட்டையை ஒருமுறை அடித்துப் பதிந்தால் அது ஒரு சாம்பிள். இப்படிப் பல ஸ்வரங்களில் பதிந்தவற்றை, எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை எது ஒலிக்க வேண்டும் என்று பரப்பி வைத்தால் மல்டிசாம்பிள். இதுவரை இருப்பது வெறும் பதிவு. இதற்கு மேலே வருவது புரோகிராம். ஒலி எவ்வளவு வேகத்தில் எழும்ப வேண்டும், கையை எடுத்ததும் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும், மெதுவாகத் தொட்டால் ஃபில்டர் எவ்வளவு மூட வேண்டும், ஓங்கி அடித்தால் எந்த லேயர் ஒலிக்க வேண்டும், ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் சுருதி எவ்வளவு ஏற வேண்டும், எந்த எஃபெக்ட் வழியாக வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கோர்க் இதைப் புரோகிராம் என்கிறது. யமஹா மோட்டிஃப் வரிசையில் வாய்ஸ் என்றது, ரோலண்ட் ஜேவி வரிசையில் பேட்ச் என்றது. நம் மேடைகளில் எல்லாமே டோன்தான். இந்தப் புரோகிராம்கள் பலவற்றை அடுக்கியோ, கட்டைகளைப் பிரித்துக் கொடுத்தோ வைத்தால் கோர்க்கில் காம்பி, மற்றவற்றில் பெர்ஃபார்மன்ஸ்.

சாம்பிள்தான் எல்லாம் என்று நம்புகிறவர்கள் 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-க்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதில் சாம்பிளே கிடையாது. சைன் அலை ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அசைத்து ஒலியை உண்டாக்கும் எஃப்எம் முறை அது. ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்க 32 வழிகள், அவ்வளவுதான். அதன் உள் நினைவகத்தில் இருக்கும் 32 டோன்களையும் மொத்தமாக வெளியே எடுத்தால் 4,096 பைட் வரும். டோன் ஒன்றுக்கு 128 பைட். 1980-களின் மெல்லிசைப் பாடல்களில் உலகம் முழுக்க மணிபோல் கேட்ட அந்த எலெக்ட்ரிக் பியானோ, 128 பைட்டில் அடங்கிய எண்களின் வரிசை. இன்றைக்கு ஜிபி கணக்கில் பேக் விற்கிறவர்களும் அதில் "டிஎக்ஸ் பியானோ" என்று ஒன்றை மறக்காமல் சேர்த்துத் தருகிறார்கள்.

அடுத்து 1987-ல் ரோலண்ட் டி-50. அன்று மெமரி விலை அதிகம். முழு ஒலியையும் பதிந்து வைக்க முடியாது. ஒரு வாத்தியத்தை நம் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் முதல் கணத்தில்தான். புல்லாங்குழலில் காற்று மோதும் அந்தச் சீறல், கம்பியை நகம் தட்டும் அந்தச் சொடுக்கு, வில் கம்பியைப் பிடிக்கும் அந்த உரசல். ஆகவே தொடக்கத்தை மட்டும் சாம்பிளாக வைத்து, அதற்குப் பின்னால் வரும் நீட்சியைச் சின்தசைஸர் அலையால் கட்டினார்கள். அந்தக் கருவிக்கு டோன் அமைத்தவர்களில் ஒருவரான எரிக் பெர்சிங், பிறகு ஸ்பெக்ட்ராசானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். டி-50-ன் ஃபாண்டேசியா போன்ற டோன்களை இன்றும் ஆட்கள் தேடிப்பிடித்து வாசிக்கிறார்கள். சாம்பிள் எவ்வளவு இருந்தது என்பதைவிட எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதுதான் அங்கே வேலை செய்தது.

1988-ல் கோர்க் எம்1 வந்தது. ஒர்க்ஸ்டேஷன் என்ற வகையையே நிலைநிறுத்திய கருவி. அதன் சாம்பிள் மெமரி 4 எம்பி. சிடி தரத்தில் ஒற்றை வழி ஒலியாகக் கணக்கிட்டால் 4 எம்பி என்பது 48 விநாடிகூட வராது. அதற்குள் பியானோ, ஆர்கன், ஸ்டிரிங்ஸ், பிராஸ், கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் இருந்தன. அதன் ஃபில்டரில் ரெசனன்ஸ்கூடக் கிடையாது. அந்தக் கருவியின் ஆர்கன் டோன் ஒன்றுதான் 1990-களின் தொடக்கத்தில் ராபின் எஸ் பாடிய "ஷோ மீ லவ்" பாட்டின் பேஸ் வரியாக நின்றது. ஹவுஸ் இசை என்றால் இதுதான் என்று இன்றுவரை அடையாளம் காட்டுகிற ஒலி அது. எம்1-ன் பியானோவும் அப்படித்தான். அது உண்மையான கிராண்ட் பியானோ போலவா ஒலிக்கிறது? இல்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவில், டிரம்ஸுக்கும் பேஸுக்கும் மேலே, தனியாக எழுந்து கேட்கிறது. எந்த அலையை எங்கே வெட்டுவது, எவ்வளவு பளிச்சென்று விடுவது, வெலாசிட்டிக்கு எப்படி மசிய வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகள்தான் அந்த ஒலி.

அதற்குப் பிறகு மெமரி ஓட ஆரம்பித்தது. 1994-ல் ரோலண்ட் ஜேவி-1080-ல் 8 எம்பி. 1999-ல் கோர்க் டிரைட்டனில் 32 எம்பி. 2001-ல் முதல் மோட்டிஃபில் 84 எம்பி. 2010-ல் மோட்டிஃப் எக்ஸ்எஃப் 741 எம்பி. 2016-ல் மான்டேஜ் 5.67 ஜிபி. யமஹாவின் இந்த எண்கள் சுருக்கி வைத்த ஒலியை 16 பிட் நேர் வடிவத்துக்கு விரித்தால் வரும் அளவுகள் என்பதை விவரப் பட்டியலில் அவர்களே குறிப்பிடுகிறார்கள். சிப்பில் உண்மையில் இருப்பது அதைவிடக் குறைவு. கடையில் எந்த எண்ணைக் காட்டி விற்கிறார்களோ அந்த எண்ணே ஒரு நிபந்தனையோடு வருகிறது. சரி, எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வோம். எம்1-லிருந்து மான்டேஜுக்கு ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல். ஒலி அத்தனை மடங்கு நன்றாகிவிட்டதா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஜிபிக்காரர்கள் பியானோவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பியானோவுக்கு மெமரி வேண்டும், உண்மைதான். 88 கட்டை, ஒவ்வொன்றுக்கும் நான்கு வெலாசிட்டி, ஒவ்வொரு ஒலியும் சராசரி 20 விநாடி, இரு வழி ஒலி, சிடி தரம் என்று எடுத்துக்கொண்டால் 1.2 ஜிபியைத் தாண்டும். பழைய போர்டுகளில் இதைச் சமாளிக்க நாலைந்து கட்டைகளுக்கு ஒரு சாம்பிள் வைத்தார்கள். ஓரிரு விநாடிக்குப் பிறகு ஒரு சிறு துண்டையே திரும்பத் திரும்பச் சுழற்றும் லூப் போட்டார்கள். பியானோவின் ஒலி மங்கிக்கொண்டே நிறம் மாறும். லூப்பில் அந்த மாற்றம் நின்றுவிடும். தனியாக வாசித்தால் கேட்டுவிடும். 2011-ல் கோர்க் குரோனோஸ் எஸ்எஸ்டி வட்டிலிருந்து நேரடியாக ஒலியை ஓடவிட்டு, லூப் இல்லாத பியானோவைக் கொடுத்தது. அந்த வித்தியாசத்தைக் காதுள்ள யாரும் மறுக்க முடியாது. இதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே குரோனோஸை இன்னொரு தடவை பாருங்கள். அதில் ஒன்பது எஞ்சின்கள். சாம்பிள் ஓட்டுவது அவற்றில் சில மட்டும்தான். ஆர்கனுக்குத் தனி எஞ்சின், மீட்டிய கம்பியைக் கணக்கிட்டு ஒலிக்க வைக்கத் தனி எஞ்சின், அனலாக் ஒலிக்குத் தனி எஞ்சின்கள், எஃப்எம் வகை ஒலிக்கு வேறொன்று. இவற்றில் பெரும்பாலானவை சாம்பிளை நம்பாமலே ஒலியை உண்டாக்குகின்றன. அவ்வளவு பெரிய பியானோ சாம்பிள்களை வைத்துக் கருவி செய்தவர்களே ஆர்கனுக்குச் சாம்பிள் சரிவராது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பியானோ ஒரு விதிவிலக்கு. அடித்த பிறகு வாசிப்பவரால் அந்த ஸ்வரத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாத வாத்தியம் அது. அதனால்தான் பதிவு அங்கே ஜெயிக்கிறது. ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதை வளைத்து, அசைத்து, அழுத்தி, தளர்த்தி உயிர் கொடுக்கிற வாத்தியங்களில் பதிவு தோற்கிறது. நம் வாத்தியங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

நம் ஊரில் அதிகம் விற்பது "இந்தியன் டோன்" பேக்குகள். நாதஸ்வரம், வீணை, ஷெனாய், சிதார், தபேலா, மிருதங்கம், தவில். ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசை போல இந்தியச் சந்தைக்கென்றே ஒலிகள் சேர்த்து வந்த போர்டுகளும் உண்டு. அவற்றின் மேல் எனக்குப் புகார் இல்லை. நான் சொல்வது பென் டிரைவில் கைமாறும் பேக்குகளை. நாதஸ்வர பேக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் பெருமையாகச் சொல்வார்: "கமகத்தோடயே சாம்பிள் பண்ணியிருக்கோம் சார்." அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. ஷட்ஜத்தில் விநாடிக்கு ஐந்து அசைவு வீதம் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சாம்பிளைப் பஞ்சமத்துக்கு உயர்த்தி வாசித்தால் ஒலி ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும், அசைவு விநாடிக்கு ஏழரை ஆகிவிடும். மேல் ஷட்ஜத்தில் பத்து. ஒரே வரியில் மூன்று ஸ்வரம் வாசித்தால் மூன்றும் மூன்று வேகத்தில் நடுங்கும். எந்த நாதஸ்வர வித்வானும் அப்படி வாசிப்பதில்லை. போதாததற்கு, கமகம் எந்த ராகத்தின் எந்த ஸ்வரத்துக்கு எப்படி வர வேண்டும் என்பது வாசிப்பவரின் முடிவு. தோடியின் காந்தாரத்துக்கு ஓர் அசைவு, கல்யாணியின் காந்தாரத்துக்கு வேறொன்று. சாம்பிளுக்குள் உறைந்துபோன ஒரே அசைவை எல்லா ராகத்திலும் ஒட்டினால் அது கர்நாடக சங்கீதமும் ஆகாது, சினிமாப் பாட்டும் ஆகாது.

சரியான வழி இதற்கு நேர் எதிரானது. அசைவே இல்லாத, நேரான, நீண்ட ஸ்வரச் சாம்பிளை வைத்துக்கொண்டு, அசைவைக் கைக்குக் கொடுப்பது. பல போர்டுகளில் பிட்ச் பெண்ட் ஆரம்பத்திலேயே மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் என்று வைக்கப்பட்டிருக்கும். நம் தேவைக்கு அது பல இடங்களில் போதாது. கோர்க் புரோகிராமில் ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் எவ்வளவு, இடது பக்கம் தள்ளினால் எவ்வளவு என்று தனித்தனியாக அமைக்க முடியும். மேலே நான்கு, கீழே இரண்டு என்று ஒரு தடவை எழுதி வைத்துப் பாருங்கள், கை எவ்வளவு விடுதலை பெறுகிறது என்று தெரியும். வீணைக்குக் கம்பியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. அதற்குக் கீழ் எல்லையைச் சுருக்கிவிடலாம். கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணன் போன்றவர்கள் கமகத்தை வலது கை விரலிலிருந்தும் பிட்ச் பெண்ட் வீலிலிருந்தும் எடுக்கிறார்கள். அதை எந்தப் பேக்கும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அடுத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கையைத் தூக்காமல் போனால் புதிதாகத் தொடக்க ஒலி கேட்கக் கூடாது. ஆகவே மோனோ, லெகாட்டோ. ஆஃப்டர்டச் இருந்தால் அழுத்தும்போது ஃபில்டர் திறக்கட்டும். இத்தனையும் செய்தால் சுமாரான நாதஸ்வரச் சாம்பிள்கூட மேடையில் வாயைத் திறந்து பாடும். செய்யாவிட்டால் திருவாவடுதுறையிலேயே போய்ப் பதிந்து வந்த சாம்பிளும் பொம்மைக் குழல்போலத்தான் கேட்கும்.

தபேலாவிலும் இதே கதை. இடக்கைப் பக்கத்து டக்காவில் கும்கி இழுக்கும்போது ஒலி நீண்டு வளைகிறது. உடனே அடுத்த அடி விழுந்தால் அந்த இழுப்பு அந்தக் கணமே அறுந்துபோக வேண்டும், தோல் ஒன்றுதானே. பேக்கில் வருகிற டிரம் கிட்டில் இழுப்பு ஒரு கட்டையிலும் மூடிய அடி இன்னொரு கட்டையிலும் இருக்கும். இரண்டையும் அடித்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும், இரண்டு டக்கா ஒரே நேரத்தில் வாசிப்பதுபோல. டிரம் கிட் திருத்தும் பக்கத்தில் எக்ஸ்க்ளூசிவ் குரூப் என்று ஒன்று இருக்கிறது. ஹை-ஹாட் மூடினால் திறந்த ஒலி நிற்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. அந்த இரண்டு கட்டைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஒரு பைசா செலவில்லை. இதைச் சொன்னதும் "அப்படி ஒரு பக்கம் இருக்கா?" என்று கேட்டவர்கள் பலர். தபேலா சரியில்லை என்று பேக் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்.

இன்னொரு கோளாறும் உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. பேக் செய்கிறவர்கள் ஒலி கேட்டதும் ஆளைக் கவர வேண்டும் என்பதற்காக ரிவெர்ப் சேர்த்தே பதிகிறார்கள். ஹெட்போனில் தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கும். ஆனால் சாம்பிளுக்குள் புகுந்துவிட்ட ரிவெர்ப்பை யாராலும் எடுக்க முடியாது. சுருதி ஏறினால் அறையும் சுருங்கிவிடும். நான்கு ஸ்வரம் சேர்த்து வாசித்தால் நான்கு அறை ஒன்றன்மேல் ஒன்றாக எதிரொலிக்கும். கல்யாண மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி, சவுண்ட் என்ஜினியர் கன்சோலில் சேர்க்கும் ரிவெர்ப் வேறு. அதற்குள் இந்தச் சாம்பிள் போனால் சேறுதான். "பாட்டு தெளிவா இல்ல, கீபோர்டைக் குறைங்க" என்று மேடையில் குரல் வருவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். சாம்பிளின் முன்னால் விட்டுப்போன மௌனத் துண்டு இன்னொரு வியாதி. கட்டையை அழுத்திய பிறகுதான் ஒலி வரும், வாசிப்பவருக்குத் தாளம் தள்ளாடுவதுபோல் தோன்றும். ஒலி தொடங்கும் இடத்தைச் சற்று முன்னே நகர்த்தினால் போதும். அதற்கும் புதுப் பேக் தேவையில்லை.

சரி, விரிவாக்கம் என்பது என்ன? இதிலும் நான்கு வேறு வேறு சரக்குகளை ஒரே பெயரில் விற்கிறார்கள். புது அலைகளைச் சேர்ப்பது ஒன்று. ரோலண்டின் எஸ்ஆர்-ஜேவி80 போர்டுகள் அப்படிப்பட்டவை, ஒவ்வொன்றும் 8 எம்பி. கோர்க் டிரைட்டனுக்கு வந்த இஎக்ஸ்பி போர்டுகள் 16 எம்பி. எஞ்சினையே புதிதாகச் சேர்ப்பது இன்னொன்று. யமஹாவின் பிஎல்ஜி போர்டுகளில் அனலாக் வகை எஞ்சினும் எஃப்எம் எஞ்சினும் வந்தன. டிரைட்டனுக்கு மாஸ் போர்டு வந்தது. வாசிப்பவரே சாம்பிள் ஏற்றுவது மூன்றாவது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் அலைகளைக் கொண்டு எழுதிய புரோகிராம்களை மட்டும் தருவது நான்காவது. நம் ஆட்கள் இளக்காரமாகப் பார்ப்பது இந்தக் கடைசி வகையை. "இதுல சாம்பிளே இல்லையே, வெறும் டோன் ஃபைல்தானே" என்பார்கள். நல்ல கை எழுதியதாக இருந்தால் பல நேரம் நான்கில் சிறந்தது அதுதான்.

பழைய கார்டு முறையை உருவாக்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எம்1-க்குக் கோர்க் விற்ற ஒலித் தொகுப்பில் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்றில் அலைகள், மற்றொன்றில் அவற்றுக்கு எழுதிய புரோகிராம்கள். அலையை மட்டும் தனியாக விற்பது அரைகுறை வேலை என்று புரிந்து செய்த ஏற்பாடு. எஸ்ஆர்-ஜேவி80 போர்டுகளிலும் அலைகளோடு பேட்ச்களும் சேர்ந்தே வந்தன. அந்த வரிசையில் ஆசிய வாத்தியங்களுக்கென்றே ஒரு போர்டு உண்டு.

இன்றைய பென் டிரைவ் வியாபாரத்தில் இந்தப் பிணைப்பு அறுந்துவிட்டது. டிரைட்டன் வைத்திருந்த நண்பர் ஒருவர் காசு கொடுத்து ஒரு பேக் வாங்கிவந்தார். திரையில் டோன்களின் பெயர் வரிசையாக வருகிறது, கட்டையை அழுத்தினால் சத்தமில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார். பென் டிரைவைத் திறந்து பார்த்தால் பிசிஜி ஃபைல் ஒன்று மட்டும்தான் இருந்தது. பிசிஜி என்பது புரோகிராம், காம்பி, டிரம் கிட் ஆகியவற்றின் தகவல். சாம்பிள்கள் வேறு ஃபைல்கள்: ஒலி இருப்பது கேஎஸ்எஃப், அதைக் கட்டைகளில் பரப்புவது கேஎம்பி, எவற்றையெல்லாம் ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் கேஎஸ்சி. அந்த மூன்றும் வராததால், உள்ளே இல்லாத ஒலியைப் புரோகிராம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வேறு அலைகள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தால் இன்னும் மோசம். வீணை என்ற பெயரில் எதுவோ ஒலிக்கும். விற்றவருக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். தெரிந்து ஏமாற்றியிருந்தால்கூடச் சண்டை போடலாம்.

இதே டிரைட்டனில் ஏற்றிய சாம்பிள் ராம் மெமரியில்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும். ஃப்ளாப்பியில் வைத்திருந்தால் 16 எம்பிக்குப் பன்னிரண்டு ஃப்ளாப்பி ஆகும். அந்தச் சிரமத்தில் வாசித்தவர்கள் எந்தச் சாம்பிள் தனக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். ரோலண்டின் இன்டெக்ரா-7-ல் எஸ்ஆர்எக்ஸ் போர்டுகள் பன்னிரண்டும் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் ஏற்ற நான்கு ஸ்லாட்தான். இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. எதை ஏற்றுவது என்ற தேர்வு வாசிப்பவரிடம் வந்து நிற்கிறது.

"தனியாக வாசித்தால் டோன் பிரமாதமாக இருக்கிறது, காம்பியில் போட்டால் செத்துவிடுகிறது, அதனால்தான் பேக் வாங்கினேன்" என்று ஒரு வாதம் உண்டு. இதைச் சொல்லாத கோர்க் வாசிப்பவர் அபூர்வம். புரோகிராம் நிலையில் எஃபெக்ட்கள் எல்லாம் அந்த ஒரு டோனுக்கே. காம்பிக்குள் போனதும் டோன் மட்டும் போகிறது, அதன் எஃபெக்ட்கள் தானாகப் பின்னால் போவதில்லை. காம்பிக்கென்று தனி எஃபெக்ட் அமைப்பு இருக்கிறது. புரோகிராமிலிருந்து எஃபெக்டோடு சேர்த்து நகலெடுக்கும் வசதி கருவியிலேயே உண்டு. புதுப் பேக் போட்டாலும் அந்தப் பேக்கின் டோனும் காம்பிக்குள் போனதும் இப்படியே சாகும். அடுத்த பேக் வாங்க வேண்டியதுதான்.

பேக்கில் லேயர் கூடக்கூட இன்னொரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. டிரைட்டனில் ஒரே நேரத்தில் 62 குரல். இரண்டு ஆஸிலேட்டர் டோனுக்கு 31-தான். எம்1-ல் 16, இரட்டை என்றால் 8. பெரிதாகக் கேட்க வேண்டும் என்று நான்கு லேயர் வைத்த டோனை நான்கு சேர்த்துக் காம்பி கட்டி, பெடலை மிதித்து வாசித்தால் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்டிரிங்ஸ் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். பெரிய மெமரி இதைத் தீர்ப்பதில்லை, பல நேரம் கூட்டுகிறது.

"இப்போதெல்லாம் லேப்டாப்பில் காண்டாக்ட் என்ற சாம்பிளர் மென்பொருள் வந்துவிட்டதே, அங்கே சாம்பிள்தானே ஆளுகிறது" என்று கேட்பவர்கள் அங்கேயும் ஃபைல்களைத் திறந்து பார்க்க வேண்டும். பல ஜிபி ஒலி ஒரு பக்கம், அதை இயக்கும் சிறு வாத்திய ஃபைல் மறுபக்கம். அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்தான் இந்த ஸ்வரத்திலிருந்து அந்த ஸ்வரத்துக்குப் போகும்போது எந்த இணைப்பு ஒலியை எடுப்பது என்று முடிவு செய்கிறது. ஒலி அளவு பெருகப் பெருக அந்த எழுத்துவேலையும் பெருகித்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வாதம்தான் மிச்சம்: "மேடைக்காரனுக்கு எடிட் பண்ண நேரம் எங்கே?" இதைச் சொல்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இரவு இரண்டு மணிக்குக் கச்சேரி முடிந்து, விடிந்ததும் அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகிறவர்கள் அவர்கள். ஆனால் அவர்களே பேக் தேடவும், டவுன்லோடு பண்ணவும், ஏற்றவும், நூறு டோனைத் தட்டிப் பார்த்து வெறுத்துப் போகவும் நேரம் கண்டுபிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் நான்கே இடங்களைத் தொட்டால் போதும்: ஆம்ப் என்வலப்பின் அட்டாக்கும் ரிலீஸும், வெலாசிட்டிக்கு ஃபில்டர் எவ்வளவு அசைய வேண்டும் என்பது, பிட்ச் பெண்ட் அளவு, ரிவெர்ப்புக்குப் போகும் சென்ட். மெமரி புரொடெக்டை எடுத்துவிட்டு, பயன்படுத்தாத ஒரு இடத்தில் புதுப் பெயரில் ரைட் செய்தால் அசல் டோனும் பத்திரமாக இருக்கும். கீபோர்டு வகுப்பு எடுக்கிறவர்கள் கிரேடு தேர்வுக்கு ஸ்கேல் சொல்லிக்கொடுப்பதோடு இதையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும். பத்து வயதுப் பையனுக்கும் அட்டாக் என்றால் என்ன என்று காதால் புரிய வைக்க முடியும். ஸ்டிரிங்ஸில் அதை ஏற்றி இறக்கிக் காட்டினாலே போதும்.

பேக் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் வாத்தியங்களுக்கு நல்ல அலைகள் இன்னும் எவ்வளவோ தேவைப்படுகின்றன. தவிலின் வலந்தலையும் இடந்தலையும் தனித்தனியாக, எதிரொலி இல்லாமல், மூன்று நான்கு பலத்தில் பதிந்து யாராவது கொடுத்தால் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் விற்பவரிடம் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். எத்தனை கட்டைக்கு ஒரு சாம்பிள்? வெலாசிட்டிக்கு எத்தனை லேயர்? லூப் உண்டா, அசைவு இல்லாத ஸ்வரம் உண்டா? ரிவெர்ப் சாம்பிளுக்குள் இருக்கிறதா, எஃபெக்டில் இருக்கிறதா? புரோகிராம் எந்த மாடலுக்கு எழுதியது, யார் எழுதியது, எல்லா ஃபைலும் இருக்கிறதா, நான் திருத்தி ரைட் செய்யலாமா? இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் எத்தனை ஜிபி இருந்தாலும் வாங்காதீர்கள்.